தவமணிக்கு ஒத்துக்கொண்ட மருந்து

எங்கள் தோட்டத்தில் நல்ல கோப்பி குடிக்க வேண்டுமானால் இழவு வீட்டுக்குத்தான் போக வேண்டும், இன்ஸ்பெக்டர். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் போட்டுக் கொண்டுவருவார்கள். பிறருக்கென்று போடும்போது யாரும் சீனியில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

நான் கதிரவேலு, யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பம். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் டிரெசர். ஊசி போடுவேன், புண் கட்டுவேன், அவசரத்துக்குப் பிரசவமும் பார்ப்பேன். எங்கள் ஒரே மகள் எழுபத்தாறாம் ஆண்டு காய்ச்சலில் போனாள். அன்றிலிருந்து என் மனைவி தவமணி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஈப்போ டாக்டர் கொடுத்த மாத்திரை அவளைத் தூங்க மட்டுமே வைத்தது. அவள் மறுபடி சிரித்து நான் பார்க்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

அதனால் மூலிகையில் இறங்கினேன். கால்வாய் ஓரத்து வல்லாரையை இடித்துச் சாறெடுத்தேன். ஆனால் சோதிக்காத மருந்தைச் சொந்த மனைவிக்குக் கொடுக்க முடியுமா? முதலில் வேறு யாராவது துக்கப்பட வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அப்பாவு இறந்தார். தானாகத்தான் இறந்தார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி இருளாயிக்குக் கோப்பியில் சாற்றைக் கலந்து கொடுப்பது என் திட்டம். எனக்கோ கோப்பி போட வராது. தவமணியிடம் கெஞ்சினேன். முனகிக்கொண்டே எழும்பிக் கோப்பி போட்டு, என்னோடு இழவு வீட்டுக்கும் வந்தாள்.

இருளாயி ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தாள். "என்னங்கம்மா கோப்பி இது, எம்புருசன் செத்ததவிட இது கசக்குதுலா."

தவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழவு வீட்டில், வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு இருளாயியைக் கட்டிப்பிடித்து அழுதாள், அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டாள், வீட்டுக்கு வந்து சோறு கேட்டாள்.

வல்லாரையை அவள் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. குடித்த இருளாயிக்கு வயிறு போனதோடு சரி. சோதனை என்று வந்துவிட்டால் முடிவை ஒத்துக்கொள்ள வேண்டும். மருந்து இலையில் இல்லை, இழவு வீட்டில் இருந்தது.

கருமாதி முடிந்ததும் அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோட்டத்திலோ ஒருவரும் சாகிற மாதிரித் தெரியவில்லை. குறை என்னுடையதுதான். எல்லோரையும் அவ்வளவு நன்றாகக் கவனித்து வைத்திருந்தேன்.

பழனியப்பன் முழங்கால் வலி என்று வந்தார். ஊசி போட்டேன். மறுநாள் தவமணி தலைக்குக் குளித்து, கோப்பிப் பானையோடு வாசலில் நின்றாள். அடுத்து சன்னாசி, பிறகு பாப்பா. எந்த மருந்துக்கும் அளவு முக்கியம். அடிக்கடி கொடுத்தால் களைத்துப்போவாள், தாமதித்தால் சுவர். சொந்தபந்தம் நிறைய உள்ளவர்களாகப் பார்த்துக்கொண்டேன். ஆறுதல் சொல்ல அவளுக்கும் ஆள் வேண்டுமே.

அவளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்கிறீர்கள். ஒன்றும் தெரியாது, அவள் பச்சைக் குழந்தை. போன வாரம் ஜன்னலோரம் நின்று, "இஞ்சேருங்கோ, பத்துமலையின்ர பெஞ்சாதி சின்னப் பெட்டை. பாவம், எப்பிடித் தாங்கப் போறாளோ," என்றாள். அப்போது பத்துமலை எங்கள் கூரையில் தகரம் மாற்றியபடி பாடிக்கொண்டிருந்தான். நல்ல திடகாத்திரமான ஆள். துக்கம் வருவதற்கு முன்பே பிறருக்காக உருகுகிற மனம் அவளுக்கு. அதை நோகவிடலாமா? பிரஷர் பார்க்க வேண்டும், இறங்கி வா என்று பத்துமலையைக் கூப்பிட்டேன்.