ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்தவன்

மழையில் சைக்கிள் ஓட்டுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை, மேடம். நனைந்த பனியனோடு ஓட்டுவதுதான் கஷ்டம். ரெயின்கோட் போட்டால் வியர்வையில் நனைகிறது, கழற்றினால் மழையில் நனைகிறது. அன்றைக்கு விழுப்புரத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும்தான் வந்தேன்.

எழுதுகிற ஏட்டை மெதுவாக எழுதச் சொல்லுங்கள். நான் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவன். அவசரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆதிமூலம் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். திண்டிவனம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். நல்லவன். இறந்துபோனான் என்பதற்காகச் சொல்லவில்லை. என் மகள் கீர்த்தனாவுக்கு நர்ஸிங் சீட் கிடைத்தால் வேளாங்கண்ணிக்குச் சைக்கிளிலேயே வருகிறேன் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்தது. "தனியா போவாத சேசு, நானும் வரேன்" என்று அவனாகவே கிளம்பினான். மாதாவிடம் அவனுக்கு ஒரு வேண்டுதலும் இல்லை. எனக்காக வந்தான்.

அவனிடம் ஒரே ஒரு பழக்கம். வேகமாக ஓட்டுவான். ஓட்டட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எனக்காகக் காத்திருப்பான். புளியமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மைல்கல்லில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருப்பான். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, "போலாமா?" என்பான்.

யோசித்துப் பாருங்கள். அவனுக்குத் திருப்பத்துக்குத் திருப்பம் ஓய்வு. எனக்கு வேளாங்கண்ணி வரைக்கும் ஓரிடத்திலும் ஓய்வில்லை. கொஞ்சம் இரு என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நமக்காக அவ்வளவு நேரம் காத்திருந்தவனிடம் இன்னும் கொஞ்சம் காத்திரு என்று எப்படிச் சொல்வது? மரியாதையாக இருக்காது.

வேண்டுதல் என்னுடையது. முதலில் போய்ச் சேர்ந்தவன் அவன். வேளாங்கண்ணி நுழைவு வளைவுக்கு அடியில் எனக்கும் சேர்த்து இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தான். நான் கடைசி வாய் குடிப்பதற்குள், "உள்ள போலாமா?" என்றான். அன்று மாதாவின் முன்னால் முழங்காலிட்டபோது மகளின் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் காதில் இருந்தது.

பணத் தகராறா, பொம்பளை விவகாரமா, இடப் பிரச்சினையா என்று கேட்டீர்கள். அப்படியெல்லாம் எதுவும் இல்லை. எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

அன்றைக்குத் திரும்பி வருகிற கடைசி நாள். பனமலைப்பேட்டையில் டீ குடித்தோம். மழை கிளாசுக்குள்ளேயே விழுந்ததால் குடிக்கக் குடிக்க டீ குறையவில்லை. செஞ்சிக்காரர்களுக்கு ராஜகிரி கண்ணில் பட்டுவிட்டால் வீடு வந்துவிட்ட மாதிரி. அன்றைக்கு மேகத்தில் மலையே இல்லை. பிரேக் கட்டை ஊறிப்போய்ப் பிடிக்கவில்லை. தொடை இரண்டும் உரசிப் புண்ணாகியிருந்தது. அனந்தபுரம் தாண்டியதும் ஆதிமூலத்தின் சைக்கிள் பஞ்சரானது.

"நீ போய்க்கினே இரு. நான் ஒட்டிக்கினு வந்துர்றேன்" என்றான்.

அந்தப் பயணத்திலேயே அப்போதுதான் நான் முன்னால் போனேன். சொன்னால் சிரிப்பீர்கள், அத்தனை மழையிலும் மனசு லேசாக இருந்தது.

ஓடைத் தரைப்பாலத்தை அடைந்தபோது ஒருவர் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார். பெயர் பச்சமுத்து என்று பிறகு தெரிந்தது. கருவேல முள்ளை வெட்டி ரோட்டின் குறுக்கே இழுத்துப் போட்டிருந்தார். பாலத்தின் மேல் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

"அந்தாண்ட போவாத சார். பாக்கறதுக்கு முழங்கால் தண்ணியாட்டம் தெரியும். நடுவுல பாலமே பேத்துக்கினு போயிடுச்சி. கால வெச்சா ஆளு இருக்கமாட்டான்" என்றார்.

"என் ஃபிரண்டு பின்னாடி வரான். வந்ததும் சொல்லித் திருப்பிக் கூட்டிக்கினு போறேன்" என்றேன். அவர் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் மைல்கல்லில் உட்கார்ந்து காத்திருந்தேன். முன்னால் போய் உட்கார்ந்து காத்திருப்பது நல்ல சுகம், மேடம். அவனுக்கு ஏன் பிடித்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆதிமூலம் வந்தான். முகமெல்லாம் சேறு. என்னைப் பிடிக்க வேகமாக மிதித்து வந்திருக்கிறான், நன்றாக மூச்சு வாங்கியது. இறங்கி ஒரு நிமிஷம் நின்றிருந்தால், ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தால், நான் பச்சமுத்து சொன்னதைச் சொல்லியிருப்பேன். அவன் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி ஓடையைப் பார்த்தான்.

"தண்ணி எவ்ளோ இருக்கும்?"

"முழங்கால் தண்ணியாட்டம் தெரியுது" என்றேன். இது பச்சமுத்துவின் வார்த்தை. நான் பொய் சொல்கிறவன் இல்லை.

"அப்ப போலாமா?"

"போ" என்றேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். முழங்கால் அளவுதான் இருந்தது. பாதி தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தான். நான் இன்னும் இறங்கவில்லை என்று எனக்காகக் காத்திருந்தான். "வாடா, ஒண்ணும் இல்ல" என்று கையைக் காட்டினான். பிறகு இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தான்.

நான் கத்தவில்லை. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.

மறுநாள் கீழே கோரைப் புதரில் கிடைத்தான். தேடியவர்களில் நானும் இருந்தேன். என் மனைவி லூசி எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, "நீங்க இன்னா பண்ணுவீங்க, விடுங்க" என்றாள். ஊரில் எல்லோருமே அப்படித்தான் சொன்னார்கள்.

என்னை இங்கே கொண்டுவந்தது அவன் மனைவி மஞ்சு. ரிப்போர்ட்டில், 'பொதுமக்கள் போட்டிருந்த தடுப்பை மீறிச் சென்றதால்' என்று இருக்கிறது. அன்றைக்கு எழுதியவர், "முள்ளத் தாண்டியா போனாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே எழுதிக்கொண்டார். மஞ்சு அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டி அழுதது.

"நீங்களே சொல்லுங்கண்ணே. காலியா கெடக்கற ரோட்லகூட செவப்பு வெளக்கு எரிஞ்சா நின்னுட்டுத்தான் போவாரு. முள்ளு போட்டிருந்தா தாண்டிப் போற ஆளா அவுரு?"

மஞ்சு சொல்வது சரி. ஆதிமூலம் அப்படிப்பட்டவன் இல்லை. செத்தவன் பெயரில் இல்லாத குற்றத்தை எழுதி வைப்பது நியாயமில்லை, மேடம். அதைத் திருத்துங்கள். அவன் வந்தபோது அங்கே தடுப்பே இல்லை. அனந்தபுரத்துப் பக்கம் அவன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்த முள்ளை இழுத்துப் பள்ளத்தில் தள்ளியிருந்தேன்.

அவன் போன பிறகு திரும்ப எடுத்துக் குறுக்கே போட்டவனும் நான்தான். ஈர முள், உள்ளங்கை கிழிந்துவிட்டது. ஆனாலும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பின்னால் யாராவது வண்டியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வருவார்கள். தெரிந்தே ஓர் உயிரை ஆபத்தில் விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது, மேடம்.