வடத்தில் இருந்த கை

என் வீட்டுக்காரருக்குப் பிரசங்கம் அவ்வளவாக வராது. மூன்று குறிப்பு எடுத்துக்கொண்டு ஏறுவார். இரண்டாவதில் வழி தெரியாமல் நின்றுவிடுவார். கூமாப்பட்டிச் சபையில் ஒரு கிழவி பின்வரிசையிலிருந்தே, "உபதேசியாரே, போதும், ஆமென் போடுங்க. அடுப்புல சோறு கொழையுது" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்துக்கொண்டே ஆமென் போட்டிருக்கிறார். ஆனால் காலரா வந்த வருஷம் சொந்தக்காரர்களே தொடப் பயந்த பிணங்களைத் தோளில் சுமந்து போய்ப் புதைத்தவரும் அவர்தான். அதையும் சேர்த்துச் சொல்வதுதானே நியாயம்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும், சேர்மன் ஐயா. வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் நீங்கள்தானே தலைவர், வெள்ளத்தாய் உங்களிடம் வந்து அழுதிருக்கிறாள். போன மாதம் காய்ச்சலில் செத்த அவள் மகன் ஏசுவடியானுக்கு என் வீட்டுக்காரர் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை. அவர் இப்போது இந்த ராஜபாளையம் சபைக்குக் குரு. சபையை விட்டு விலக்கப்பட்டு, மனந்திரும்பாமல் செத்தவனுக்கு உள்ளே இடமில்லை என்பது அவர் போட்ட சட்டமா? ஓடைக்கரையில் புதைத்தார்கள். "செய்யாத பாவத்துக்கு எம்மவன் எப்பிடி மனந்திரும்புவான்? வேதமணி அம்மாவக் கேளுங்க" என்றாளாமே. கேளுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் இருந்ததில்லை.

குருப்பட்டத்துக்குப் படிக்க எங்கள் வட்டாரத்திலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். என் வீட்டுக்காரர் பதினான்கு வருஷம் உபதேசியார். உங்களுக்கு முன்னால் இருந்த சேர்மன்கள் ஒவ்வொருவரும் அவர் தோளைத் தட்டி, "அடுத்த தடவை உமக்குத்தான், பால்துரை" என்றார்கள். அவர் நம்பினார். அவரை நம்பி நானும் நம்பினேன். ஸ்திரீகள் கூட்டத்துக்குப் போனால் குருக்களின் மனைவிமாருக்கு நாற்காலி, எனக்கு, "ஏட்டி வேதமணி, அந்த ஓரமா ஒதுங்கு. ஐயரம்மாமாரு வருதாவ." ஒதுங்கினேன். அடுத்த தடவை வருமென்றுதான் ஒதுங்கினேன்.

அடுத்த தடவை ஏசுவடியானைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊழியத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகாத பிள்ளை. நல்ல குரல். அவன் பாட்டெடுத்தால் வழியில் போகிற வண்டிக்காரனும் மாட்டை நிறுத்துவான். சேதி தெரிந்ததும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான்.

"அக்கா, அண்ணாச்சிக்கு வரவேண்டிய எடம் இது. எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன்."

"அதனாலென்ன தம்பி, கர்த்தர் சித்தம்" என்று காப்பி கொடுத்தேன். அந்தப் பணிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தட்டிப் பறிக்கிறவனை வையலாம். கையைக் கட்டிக்கொண்டு வாங்குகிறவனை என்ன சொல்லி வைவது?

அவன் படிக்கப் புறப்படுவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் வந்தது. தேருக்கு மறுவாரம் சபைக் கமிட்டி கூடியது. ஏசுவடியான் தேர்வடத்தைப் பிடித்து விக்கிரக ஆராதனை செய்ததைத் தூரத்திலிருந்து பார்த்ததாக ராபர்ட் வாத்தியார் பிராது கொடுத்திருந்தார். கமிட்டிக்குச் சமைக்க உபதேசியார் வீட்டுப் பெண்கள் போயிருந்தோம்.

"வடத்தைப் பிடிச்சீரா?"

"பிடிச்சேன்யா. ஆனா இழுக்கல."

"இழுக்காம? ஊஞ்சல் கட்டி ஆடினீரோ?" என்றார் ராபர்ட் வாத்தியார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தோள்பட்டையில் வடம் உரசிய புண் காயாமல் இருந்தது. அதற்குமேல் சாட்சி எதற்கு என்றார்கள். அப்போதைய சேர்மன் மட்டும், "ஏன் பிடிச்சீர், அதைச் சொல்லும்" என்றார். அவன் வாசலில் நின்ற என்னைப் பார்த்தான்.

"வேதமணி அக்காவக் கேளுங்கய்யா. அக்கா சொல்லட்டும்."

கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"நீங்க பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தேன். சந்தைக்கு வந்தா தேரடியத் தாண்டித்தானே பஸ்ஸுக்குப் போகணும்."

"இவர் கை வடத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தேரு ஓடிக்கிட்டிருந்துச்சா?"

"ஓடுச்சு."

"பொறவு?"

"பொறவு நான் வீட்டுக்கு வந்துட்டேன்."

இதில் எது பொய்? நீங்களே பாருங்கள். ஏசுவடியான், "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். கோபமாகக்கூட இல்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி. நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்கே படிப்புப் பட்டியலில் அவன் பெயரை அடித்து, சபையை விட்டும் விலக்கினார்கள். ராத்திரி என் வீட்டுக்காரர், "உள்ளதுதானா வேதமணி?" என்று கேட்டார். "உள்ளதுதான்" என்றேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த இடம் அவருக்கு வந்தது.

அவன் எதற்கு வடத்தைப் பிடித்தான் என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அன்றைக்கு என்னிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை.

என் மகள் ஏசம்மாளுக்கு அப்போது ஐந்து வயது. தேரைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அழுதாள். எனக்கும் பார்க்க ஆசைதான். தேர் நின்றிருந்தது, வடம் தரையில் கிடந்தது. அதைத் தாண்டும்போது பிள்ளை என் கையை விட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து "கோவிந்தா" என்று கூட்டம் இழுத்தது. விறைத்த வடம் அவளை அடித்துத் தள்ளியது. வடத்துக்கு அடியில் பிள்ளை, பின்னால் சக்கரம். ஏசுவடியான் எங்கிருந்து வந்தானோ, தோளைக் கொடுத்து வடத்தை மேலே தூக்கினான். இழுக்கிற கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே ஒரு கையால் பிள்ளையை வாரி எடுத்தான். என்னிடம் கொடுத்தபோது அவன் சட்டையெல்லாம் ரத்தம். பிள்ளைமேல் ஒரு கீறல் இல்லை.

"அக்கா, நீங்க இங்க நின்னது தெரிஞ்சா அண்ணாச்சி வேலைக்கு ஆபத்து. நான் யார்ட்டயும் மூச்சுவிட மாட்டேன். வெரசாப் போங்க."

கவனியுங்கள், ஐயா. சொல்லவேண்டாம் என்று முதலில் சொன்னது அவன்தான்.

பிள்ளை வாய்தான் பயமாக இருந்தது. ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதுபோல உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தேன்.

"நாம எங்கட்டி போனோம்?"

"தேருக்கு."

"இல்ல. சந்தைக்கு. எங்க போனோம்?"

"சந்தைக்கு."

"அங்க யாரப் பார்த்தோம்?"

"ஏசுவடியான் மாமாவ. மாமா என்னத் தூக்குனாவ."

"இல்ல. யாரையும் பார்க்கல. சொல்லு."

வேதத்தின் பத்துக் கட்டளையைவிடச் சீக்கிரம் பாடமானது. அடிக்கவேண்டி வந்தது கொஞ்சம்தான். இப்போது கேட்டால் தேரையே பார்த்ததில்லை என்பாள். மனசாரச் சொல்வாள். கிணற்றடிக்குப் போனால் மட்டும் வாளிக்கயிற்றைத் தொடமாட்டாள். ஏனென்று அவளுக்குத் தெரியாது.

ஏசுவடியான் இந்த ஊருக்கு வந்து பஞ்சாலையில் மூட்டை தூக்கினான். நாங்கள் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்தபிறகு தினமும் இந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போவான். பாட்டெல்லாம் விட்டுவிட்டான் என்றார்கள். என்னைக் கண்டால் நிற்பான்.

"நல்லாருக்கியளாக்கா? பிள்ள நல்லாருக்கா?"

"நல்லாருக்கா" என்பேன். போய்விடுவான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றபோதும் அவ்வளவுதான் கேட்டான்.

அவன் செத்த அன்று வெள்ளத்தாய் இந்தப் படியில் விழுந்து கிடந்தாள். "ஐயரம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க. எம்மவன உள்ள வைக்கச் சொல்லுங்க." எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் என் வீட்டுக்காரரின் குருப்பட்டம் என்ன ஆவது? அவர் கொடுத்த ஞானஸ்நானங்கள், கட்டிவைத்த கல்யாணங்கள்? கஞ்சி கரைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஆமாம், என் பிள்ளையைக் காப்பாற்றினவனைத்தான் நான் கெடுத்தேன். தெரிந்துதான் கெடுத்தேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள், ஐயா. அன்றைக்குக் கமிட்டியில் அவனுக்கும் வாய் இருந்தது. இத்தனை வருஷமும் இருந்தது. "உங்க பிள்ளைக்காகத்தானேக்கா" என்று என் முகத்துக்கு நேரே ஒரு தடவை அவன் கேட்டிருந்தால் நான் மறுத்தா இருப்பேன்? கேட்கவே இல்லை. உள்ளதைச் சொல்லத் துணிவில்லாத ஒருவனை நற்கருணைப் பாத்திரத்தைத் தொட விடலாமா? அப்படிப்பட்டவன் கையில் போகாமல் இந்தச் சபையைக் காப்பாற்றியவள் நான்.