பதினேழு வயதுக்கு மனை கிடையாது

ஏரல் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துச் சீட்டில் ஒரு தாயும் மகளும்.

“அந்த ஆளா எனக்குக் கார்டியன்?” என்று கத்தினாள் மகள்.

“பைய பேசுட்டி. பத்திரம் எழுதுதவரு சொன்னாருல்லா? பதினேழு வயசுக்காரி தனியா மனை வாங்க முடியாதாம். அப்பன் கையெழுத்து வேணுமாம். என் பேருல வாங்குனா அவரு பங்கு கேட்டு வருவாருன்னு நீதான சொன்ன?”

“பத்து வயசுலேருந்து பீடி சுத்துதேன். அப்ப ஒருத்தனும் வயசு கேக்கல. நம்மள விட்டுட்டு ஏரல்ல இன்னொருத்தி கூட இருக்கவரு கால்ல இப்பப் போயி விழணுமாக்கும்?”

“ஒனக்குப் பதினெட்டு ஆவுத வரைக்கும் மனைக்காரரு பொறுக்கமாட்டாரு. வாடகை வீட்டுலயே கெடப்போமா?”

“கெடப்போம்.”

கண்டக்டர் வந்தார். “ஏரல் ரெண்டு” என்றாள் தாய்.

மகள் எழுந்தாள். “ஒண்ணு போதும் அண்ணாச்சி. நான் இங்கனயே எறங்குதேன்.”

கண்டக்டர் விசில் ஊத, பஸ் நின்றது. தாயும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.