பகலிலும் தூங்குகிறான் என்று நான் சொன்னேன்

மேடையில் இருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவருக்கும், டாக்டர் அம்மாவுக்கும், என் மகனோடு படையில் இருந்த பிள்ளைகளுக்கும், வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். என் மகள் பெற்ற பிள்ளைகள் அப்படியில்லை. மூத்த பேத்தி பாலம் கட்டும் இன்ஜினியர். அடுத்தவன் நீச்சலில் தங்கப் பதக்கம் வாங்கியவன். கடைக்குட்டி கணக்கில் நூற்றுக்கு நூறு. இந்தப் பட்டியலைத் தினமும் காலையில் என் மகனின் அறை வாசலில் நின்று ஒப்பிப்பேன். நீ மட்டும் ஏன்டா இப்படிப் படுத்தே கிடக்கிறாய் என்று முடிப்பேன். அவனை எழுப்பிவிடுவதாக நினைப்பு. குத்திக்காட்டியிருக்கிறேன்.

படையில் அவன் ஆம்புலன்ஸ் ஓட்டினான். 'பிரேக்' என்று பட்டப்பெயர். அதை மிதிக்கவே மாட்டானாம். குண்டு விழுந்த சாலையில் ஒரே நாளில் ஏழு தடவை போய்வந்து பத்தொன்பது பேரை உயிரோடு கொண்டுவந்தவன்! இருபதாவது ஆள் வண்டியிலேயே இறந்துவிட்டார். வீட்டில் அவன் பேசியது அந்த ஒருவரைப் பற்றித்தான்.

திரும்பி வந்த புதிதில் கதவு அடித்துச் சாத்தினாலே மேசைக்கு அடியில் போய்விடுவான். அது போரின் காயம் என்று மதித்தோம். கதவிடுக்கில் எல்லாம் துணி வைத்தோம். பிறகு நடுக்கம் நின்றது. சாப்பாடு வேண்டாம், குளியல் வேண்டாம், யார் முகமும் வேண்டாம் என்று முடங்கினான். அதற்கு நான் வைத்த பெயர் என்ன தெரியுமா? சோம்பல்.

ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போனபோது, தூக்கம் எப்படி என்று டாக்டர் அம்மா அவனிடம்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"இப்ப நல்லா தூங்குறான்மா. பகல்லயும் தூங்குறான்."

பெருமையாகச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தான். பஸ்ஸில் வரும்போதுதான் வாயைத் திறந்தான்.

"நான் தூங்கலம்மா. கண்ண மூடிட்டு இருக்கேன்."

"அதுக்குப் பேர்தான்டா தூக்கம்," என்று சிரித்தேன்.

மூன்றாவது வாரம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். மாரடைப்பு என்று சொல்லிவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். சொல்லமாட்டேன். திடுக்கிட்டு நடுங்குவதும் எதுவும் வேண்டாமென்று முடங்குவதும் போருக்குப் போய்வந்த பலருக்குச் சேர்ந்தே வருமாம். ஒன்று அடங்கினால் மற்றதும் போய்விட்டது என்று அர்த்தமில்லையாம். டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். என் மேல் தப்பில்லை என்றும் சொன்னார். அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

இந்தக் கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் வீரர்களின் குடும்பத்தார் கூடுகிறார்கள். என் கால் நடக்கும்வரை நானும் வருவேன். வருகிற தாய்மாரிடம், மனைவிமாரிடம் சொல்வேன்: டாக்டர் கேட்டால் அவனே பதில் சொல்லட்டும். எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள்.

தலைவருக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் வைத்திருப்பது படைக்குப் போகும் முன் அவன் எடுத்துக்கொண்ட படம். நான்தான் பெருமைக்குக் கொடுத்தேன். பேத்தியின் போனில் போன மாதத்துப் படம் ஒன்று இருக்கிறது. தாடியோடு, கண் குழிந்து, எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். இப்படி ஒரு முகம் தங்கள் வீட்டிலும் இருக்கிறதா என்று வருகிறவர்கள் பார்க்கட்டும். இதை எடுத்துவிட்டு அதை இங்கே மாட்டுங்கள், ஐயா.