கணவாயில் வண்டி ஆறும்வரை

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள், கதவை ஓங்கிச் சாத்திப் பார்ப்பார்கள். பானெட்டைத் தூக்கி, தண்ணீர் ஓடுகிற ரப்பர் குழாய்களை அமுக்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. நானும் பார்க்காமல்தான் வாங்கினேன்.

குமுளிக்கு மேலே ஏதோ ஒரு எஸ்டேட்டில் ஓடிய வண்டி. டர்போ வைத்த டீசல் கார். நான் வாங்கிய 2005-ஆம் வருடமே அதற்கு நல்ல வயசாகியிருந்தது. என் மனைவி கஸ்தூரி பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வர வேண்டும், அதற்காகத்தான் வாங்கினேன். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும், அதற்கு மேலும் தள்ளிப்போட்டால் நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் ஓடைப்பட்டி. மதுரைக்குப் போகும் வழியில் ஆண்டிபட்டிக் கணவாயை ஏறி இறங்க வேண்டும்.

வாங்கிய புதிதிலேயே அந்தக் கணவாயில் வண்டி கொதித்து நின்றது. காய்கறி ஏற்றிப் போன ஒரு வேன்காரர் கஸ்தூரியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார். அந்தச் சாலையில் ஆட்கள் அப்படித்தான். புகை விட்டுக்கொண்டு ஒரு வண்டி நின்றால் கடந்து போக மாட்டார்கள்.

சின்னமனூர் மெக்கானிக் தவசியிடம் காட்டினேன். ரேடியேட்டரைக் கழுவினார், மூடியை மாற்றினார். அப்படியும் கொதித்தது. மலையிலிருந்து இறங்கி வரும் வண்டிகளுக்கு நம் பக்கத்து மெக்கானிக்குகள் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. உள்ளே சூடு கொடுக்கிற ஹீட்டருக்குப் போகும் தண்ணீர்க் குழாயை வெட்டி, இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். இந்த வண்டியை வாங்கிய கையோடு சர்வீஸுக்கு விட்டபோதே தவசி அதைச் செய்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இங்கன அடிக்கிற வெயிலுக்கு ஹீட்டரு எதுக்குண்ணே?" என்றார். நியாயமான கேள்விதான். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

நான் திராட்சைத் தோட்டக்காரன். பந்தலுக்கடியில் சொட்டுநீர்க் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று தேடியே பாதி வயசு போனது. ஒரு நாள் வண்டியையும் அப்படித்தான் பார்த்தேன். பம்பில் தொடங்கி ஒவ்வொரு குழாயாக விரலை ஓட்டிக்கொண்டே போனேன். டர்போவுக்குள் தண்ணீர் நுழைய ஒரு சிறிய குழாய் இருந்தது. வெளியே வருவதற்கான குழாய் ஹீட்டர் குழாயில் போய்ச் சேர வேண்டும். தவசி அந்த இடத்தில் ஒரு போல்ட்டைத் திணித்து அடைத்திருந்தார். உள்ளே போன தண்ணீர் திரும்ப வழியில்லாமல் டர்போவின் சூட்டில் நின்று கொதித்திருக்கிறது. போல்ட்டைப் பிடுங்கி, குழாயை இருக்க வேண்டிய இடத்தில் சேர்த்து, கிளாம்பைப் போட்டு இறுக்கினேன். அதற்குப் பிறகு கணவாயில் சூடு காட்டுகிற முள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

கஸ்தூரி வாசலில் நாற்காலி போட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்குக்கே மெக்கானிக் வேலை சொல்லிக் கொடுக்கிற ஆள் என்று கேலி செய்தாள். அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வருடங்கள் போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடிவதற்கு முன் எழுந்து வண்டியை எடுப்பது, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, இருட்டிய பிறகு வீடு வருவது. மருந்தடிக்க வேண்டிய நாளில் நான் மதுரையில் இருப்பேன், தோட்டத்தில் சாம்பல் நோய் விழும். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது தண்ணீர்தான்.

அவளுக்கு அளந்துதான் தண்ணீர் கொடுக்க வேண்டும். அளக்கிறவன் நான். நாள் முழுக்க நாக்கு வறண்டு கேட்பாள், நான் இல்லை என்பேன். குடத்தை ஒளித்து வைத்தேன். கை கழுவப் போனால் பின்னாலேயே போய் நின்றேன். கட்டிய மனைவிக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காத மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊரில் எல்லோரும் என்னைத் தங்கமான மனுசன் என்றார்கள். அவளுடைய தம்பி மதன்குமார் எப்போதாவது பழத்தோடு வருவார். அதில் பாதியை அவள் சாப்பிடவே கூடாது. அக்காவை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி எனக்குச் சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. உங்களிடம் புகார் கொடுத்ததும் நியாயம்தான்.

நான் களைத்துப் போயிருந்தேன். அவளும்தான். போதும் என்று அவள் வாயால் சொல்லவில்லை. கூடவே கிடந்தவனுக்குச் சொல்லாமலே தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு முறை மதுரைக்குப் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று அவளிடம் சொன்னேன். உடம்பு லேசாகச் சுட்டது உண்மை. பக்கத்தில் டிரைவர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. அடுத்த முறைக்குள் அவள் முகம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தேதான் இருந்தாள். கிளம்பலாம் என்றேன்.

கிளம்புமுன் பானெட்டைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கும் திறந்தேன். டர்போவிலிருந்து வெளியே வரும் அந்தச் சிறிய குழாயின் கிளாம்பை ஸ்குரு டிரைவரால் கொஞ்சம் தளர்த்தினேன். கழற்றவில்லை. குழாய் வெடிக்கவில்லை, யாரோ கிளாம்பைத் திருப்பியிருக்கிறார்கள் என்று தவசி உங்களிடம் சொன்னது சரி. இந்த வண்டியில் அவர் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

தட்டையான சாலையில் அது சொட்டும், அவ்வளவுதான். ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது பீச்சும். பீச்சுகிற தண்ணீர் பழுக்கக் காய்ந்த டர்போவின் மேல் விழும். ஒரு டம்ளர் தண்ணீர் அங்கே விழுந்தால் எழும்புகிற புகையைப் பார்க்கிறவர்கள், இன்ஜினே போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டிக்கியில் தண்ணீர்க் கேன்கள் வைத்திருந்தேன். கிளாம்பை ஒரு திருகு திருகி, குறைந்ததை ஊற்றினால் மதுரை வரைக்கும் போயிருக்கலாம். அது தெரிந்த ஆள் அன்றைக்கு அந்தச் சாலையில் நான் ஒருவன்தான்.

கணவாயில் பாதி ஏறியதும் நினைத்தபடியே புகை வந்தது. ஓரம் கட்டினேன். ஒரு லாரி நின்றது, பின்னால் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விட்டுவிடும், ஆறட்டும் என்று லாரிக்காரரே மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் தெரிந்த விஷயம்தான். அதனால் யாரும் அவசரப்படுத்தவில்லை. எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

அப்புறம் கூலியாட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு ஜீப் வந்தது. ஓட்டியவர் இறங்கிவந்து கஸ்தூரியைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, அக்காவ நம்ம ஜீப்புல ஏத்துங்க. உசிலம்பட்டி ஆஸ்பத்திரில விட்டுர்றேன். மூச்சு இழுக்குதுல்ல," என்றார்.

"வேணாம் தம்பி. அலுங்காமக் கூட்டிட்டு வரணும்னு டாக்டரு சொல்லியிருக்காக. வண்டி இந்தா ஆறிரும்," என்றேன்.

அவர் தயங்கி நின்றார். பிறகு, கட்டியவனுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார். போய்விட்டார். அவர் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

கஸ்தூரி தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அளக்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு, நடுநடுவே மூச்சு வாங்க விட்டு, கேட்கக் கேட்கக் கொடுத்தேன். அப்படி அவள் குடித்து எத்தனையோ காலமாகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்தத் தண்ணீர் அவளுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக அதைக் கொடுக்காமல் இருந்தவனே நான்தானே.

வண்டி ஆறியது. கிளாம்பை இறுக்கினேன், மிச்சத் தண்ணீரை ஊற்றினேன், மெதுவாகத்தான் ஓட்டினேன். உசிலம்பட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பழைய வண்டி காலை வாரிவிட்டது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

இதைக் கொலை என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை அவள் படுகிற பாட்டை நான் நிறுத்தினேன், அவள் மனதில் இருந்ததைச் செய்தேன்.

ஜீப்காரர் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவர் நின்ற இடத்திலிருந்து காரின் அந்தப் பக்கம் தெரிந்திருக்காது, அவர்மேல் தப்பில்லை. அவர் கூப்பிட்டதும் கஸ்தூரி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். குனிய முடியாமல் குனிந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒரு காலைச் சாலையில் ஊன்றிவிட்டாள். "நான் ஜீப்புலயே போறேங்க" என்று சொன்னாள், அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வரவில்லை. நான்தான் சுற்றிப் போய் அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து, வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.