பால்பல் குழுவின் மூன்றாவது பாட்டு

அன்றைக்கு நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை, ஐயா. மற்ற பெரியவர்கள் எல்லாரும் வைத்திருந்தார்கள். கேட்கப் போன இடத்தில் காதை அடைப்பது மரியாதையில்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கிறவன் நான்.

நூலகத்தின் கீழ்த்தளம், ஞாயிறு மாலை நாலு மணி. பங்க் ராக் இசை, எல்லா வயதினரும் வரலாம் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். குழுவின் பெயர் 'பால்பல்'. டிரம்ஸ் வாசித்தவனுக்கு ஒன்பது வயது. கால் எட்டாததால் மிதியில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டியிருந்தான். கிட்டார்க்காரி கிட்டாருக்குப் பின்னால் எங்கோ இருந்தாள். பாடியவள் சுண்டெலி, பதினொரு வயது, போன வருடம்வரை என் மாணவி. பாடினாள் என்பது பேச்சுக்கு. தகரத்தை ஆணியால் கீறினாள். பெற்றோர் அதற்குக் 'கலகக் குரல்' என்று பெயர் வைத்து, இடைவேளையில் கலகத்துக்கு மூக்குச் சிந்திவிட்டார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் சுண்டெலி மேடையிலிருந்து மல்லாந்து விழுவாள். கீழே நான்கு பெரியவர்கள், இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றி ஏந்த வேண்டும். தலைப்பக்கம் அவள் அப்பா, தச்சர். தனக்கு ஜோடியாக என்னை அழைத்தார்.

"நீங்க நின்னா எனக்குத் தைரியம் சார். உங்க கை உடும்புப்பிடின்னு அவளே சொல்லுவா."

மூன்றாவது பாட்டு என்னைப் பற்றியது. "ஸ்கேல் வாத்தி, ஸ்கேல் வாத்தி, அடிச்சா வருமா சங்கீதம்?" அறுபது பேர் சிரித்தார்கள். என் மணிக்கட்டைப் பற்றியபடியே தச்சரும் சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். வாலு அது."

எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேலால் அடித்தது உண்மைதான், ஒருமுறை அவள் நகம் கறுத்து விழுந்தது. ஆனால் அடித்த மறுநாள் பிழையில்லாமல் வாசித்தாளே, அதைப் பாட்டில் சேர்க்கவில்லை. பாதி உண்மை எனக்கு ஆகாது.

"இருக்கீங்களா?" என்று கத்தினாள். "இருக்கோம்" என்று பதில் வந்தால்தான் விழுவாள். நால்வரில் என் குரல்தான் சுருதியோடு இருந்தது.

கால்பக்கத்து ஜோடி சரியாகவே ஏந்தியது. அதனால் தலை முந்திக்கொண்டது. தரை சிமெண்ட். அந்தச் சத்தத்தையும் பாட்டென்று நினைத்து டிரம்ஸ் பையன் இரண்டு அடி கூட அடித்தான். இரத்தம் என் செருப்பை நோக்கி வந்தது, நகர்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனாள்.

வியர்வையில் தன் கைதான் வழுக்கியது என்று தச்சர் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தினமும் போய் அவருக்கு ஆறுதல் சொன்னேன். நேற்று பட்டறை ரம்பத்தில் அந்தக் கையை வைத்துவிட்டாராம்.

பரிதாபப்பட்டு வந்தேன் என்று நினைக்காதீர்கள். எழுத்தில் பிழை இருந்தால் என்னால் பொறுக்க முடியாது, அவ்வளவுதான். திருத்திக்கொள்ளுங்கள்: அவர் கை வழுக்கவில்லை. அது விடவே இல்லை. அதிலிருந்து என் மணிக்கட்டை உருவ நான் இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.