ஏ-யா, பி-யா?

ராஜி: கைய எடுங்க... தூங்குற புள்ளையோட கண்ண எதுக்குத் திறந்து பாக்குறீங்க?

வாசுதேவன்: இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு, ராஜி. காலைல இருந்தத விட ஜாஸ்தி.

ராஜி: நேத்துதானே ஆஸ்பத்திரில சேர்த்தோம். மஞ்சக்காமாலை பொசுக்குனு இறங்கிடுமா? நீங்க சாகண் கம்பெனிக்குக் கிளம்பல? ஷிஃப்ட் இருக்கே.

வாசுதேவன்: லீவு சொல்லிட்டேன்.

ராஜி: நீங்களா! எனக்கு வலி எடுத்தப்பவே ஷிஃப்ட் முடிச்சிட்டு ஆடி அசைஞ்சு வந்த ஆளு...

வாசுதேவன்: கிண்டல் பண்ணாத. பக்கத்து பெட் அம்மா என்ன சொன்னாங்க?

ராஜி: அவங்க பையனுக்கும் இதேதான். குடிக்கிற தண்ணி சரியில்லைங்கிறாங்க.

வாசுதேவன்: நம்ம காவ்யாவுக்கும் தண்ணிதான்னு எப்படிச் சொல்ற? ரத்தத்தால வர்றதும் இருக்கே...

ராஜி: ஹெபடைடிஸ் பி-யச் சொல்றீங்களா?

வாசுதேவன்: ...ஆமா. அது சின்னப் புள்ளைங்களுக்கு வந்தா ஈரல்லயே தங்கிடுமாம். அவளுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டல்ல?

ராஜி: பொறந்த அன்னிக்கே ஆரம்பிச்சது. ஒண்ணு விடல.

வாசுதேவன்: போட்டாலும் சில பேருக்கு உடம்புல பிடிக்காதாமே...

ராஜி: ஷ்ஷ்... சிஸ்டர் வர்றாங்க. நம்ம தாபோடி ஏரியா தமிழ்ப் பொண்ணு, அகல்யா.

அகல்யா: காவ்யா அப்பாவா? டாக்டர் உங்களையும் ஒரு தரம் கேக்கச் சொன்னார். வீட்ல யாருக்காவது ஹெபடைடிஸ் பி இருக்கா?

வாசுதேவன்: இல்ல. யாருக்கும் இல்ல.

அகல்யா: நல்லா யோசிச்சு...

வாசுதேவன்: இல்லன்னு சொல்றேன்ல!

ராஜி: மெதுவா... புள்ள முழிச்சுக்கும். சிஸ்டர், ரிசல்ட் எப்ப வரும்?

அகல்யா: ரெடின்னு லேப்ல சொன்னாங்க. இதோ, கேட்டுட்டு வர்றேன்.

ராஜி: ஏன் அவங்ககிட்ட எரிஞ்சு விழுறீங்க? உக்காருங்க முதல்ல.

வாசுதேவன்: ராஜி... அவளுக்கு அது இருந்துச்சுன்னா, என்னாலதான்.

ராஜி: முதல்ல தண்ணி குடிங்க.

வாசுதேவன்: எனக்கு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி, கம்பெனில ரத்தம் குடுக்கப் போனப்ப தெரிஞ்சுது. அண்ணனத் தவிர யாருக்கும் சொல்லல. ஷேவிங் பிளேடக் கூட ஒளிச்சு வெச்சேன். மெஷின்ல கை வெட்டுப்பட்டா புள்ளையத் தூக்கவே மாட்டேன்... ஏன் பேசாம இருக்க? திட்டு ராஜி. ஏதாவது சொல்லு.

ராஜி: அகல்யா வர்றாங்க. கண்ணத் தொடைங்க.

அகல்யா: அக்கா, பயப்படாதீங்க. வந்திருக்கிறது ஏ. தண்ணி, சாப்பாட்டால வர்றதுதான். கொஞ்ச நாள்ல தேறிடுவா. பி இல்ல.

வாசுதேவன்: இன்னொரு தரம் சொல்லும்மா...

அகல்யா: பி இல்லண்ணா. போட்ட ஊசி நல்லாப் பிடிச்சிருக்கு, ரத்தத்துல எதிர்ப்பு சக்தி நிறையவே இருக்கு. அய்யோ, அழாதீங்க... டாக்டர் இப்ப வருவார்.

வாசுதேவன்: புள்ள தப்பிச்சுட்டா. ஆனா நீ? இத்தனை வருஷம் என் கூட... வா, உனக்கும் இப்பவே ரத்தம் எடுத்துடலாம்.

ராஜி: எனக்கு ஒண்ணும் வராது. எனக்குப் பயமெல்லாம் உங்கள நெனச்சுத்தான். ஒரு தரமாவது போயி ஈரலைக் காட்டுனீங்களா?

வாசுதேவன்: இரு... உனக்கு வராதுன்னு எப்படித் தெரியும்?

ராஜி: உங்க அண்ணன் அண்ணிகிட்ட சொல்லி, அண்ணி எங்க அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. கல்யாணத்த ஆறு மாசம் தள்ளிப் போட்டது ஜாதகத்துக்காகன்னா நெனச்சீங்க? பி-க்கான தடுப்பூசி மூணும் போட்டுக்கிட்டுத்தாங்க உங்களுக்குக் கழுத்த நீட்டினேன்.